கல்யாண மண்டபத்து எஸ்பிரசோ நிஜமாகவே எஸ்பிரசோவா? காபியிலிருந்து ஆவியை விரட்டிய மிலான் கடைக்காரரின் கதை

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்குத் திண்டிவனம் என்றால் காபி ஞாபகம் வரும். செங்கல்பட்டு தாண்டியதிலிருந்து விழுப்புரம் வரை, வரிசையாகக் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள். பித்தளை டபராவில் சுடச்சுட காபி, குடித்துவிட்டு மறுபடி வண்டியில் ஏறினால் அடுத்த நிறுத்தம் வரை அந்த மணம் கூடவே வரும்.

இதே ஊர்களில் இன்னொரு காபியும் நமக்குப் பழக்கம். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்திக்கு வெளியே பளபளவென்று ஒரு கொதிகலன் நிற்கும். புஸ்ஸென்று சத்தம் போட்டுப் பாலை நுரைக்க வைத்து, மேலே கொஞ்சம் சாக்லேட் பொடி தூவி ஒருவர் கொடுப்பார். அதன் பெயர் 'எஸ்பிரசோ'. சின்னப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் ஒரே காபி அதுதான் என்பதால் அங்கே எப்போதும் கூட்டம்.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. வேலைக்காகச் சென்னை, பெங்களூரு போய்த் திரும்பிய பிள்ளைகள் வீட்டிலேயே எஸ்பிரசோ மெஷின் வாங்கி வைக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிரைண்டர், எடை பார்க்க ஒரு சின்னத் தராசு. கடையில் வாங்கிய ஃபில்டர் காபித்தூளை அதில் போட்டால் சொட்டுச் சொட்டாக வடிகிறது, அல்லது தண்ணீராக ஓடிவிடுகிறது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய மெஷின் ஏன் இப்படிச் செய்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

இதற்கு விடை தேடினால் ஒரு மனிதரிடம் போய் நிற்போம். அவர் பெயர் அக்கில்லே காஜ்ஜா. இத்தாலியின் மிலான் நகரத்தில் காபிக் கடை நடத்தியவர்.

யார் இந்த காஜ்ஜா?

முழுப்பெயர் ஜொவான்னி அக்கில்லே காஜ்ஜா. பிறந்தது 1895ல். மறைந்தது 1961ல். மிலானில் குடும்பத்துக்குச் சொந்தமான 'பார் அக்கில்லே' என்ற கடையில் நின்று காபி போட்டவர். இத்தாலியில் பார் என்றால் மதுக்கடை மட்டும் இல்லை. காலையில் நின்றபடியே ஒரு காபி குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிற இடமும் அதுதான். நம்மூர் டீக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர் பெரிய பொறியாளர் இல்லை. கல்லாவுக்கும் கொதிகலனுக்கும் நடுவில் நின்று, தினமும் எத்தனையோ பேருக்குக் காபி கொடுத்தவர். குடித்துவிட்டு முகம் சுளிக்கிறவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அவருக்கு ஒரே ஒரு குறைதான். காபி கருகின வாசம் அடிக்கிறது.

அவருக்கு முன்பு எஸ்பிரசோ எப்படி இருந்தது?

எஸ்பிரசோவைக் கண்டுபிடித்தது காஜ்ஜா என்று பலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே, 1884ல், தூரின் நகரத்தின் ஆஞ்செலோ மொரியோந்தோ ஆவியால் இயங்கும் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது மொத்தமாகக் காபி போடும் இயந்திரம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனிக் கோப்பையில் உடனுக்குடன் போட்டுத் தரும் முறை 1901ல் மிலானின் லூயிஜி பெட்செராவிடமிருந்து வந்தது. அதைக் காசாக்கத் தெரிந்தவர் தெசிதேரியோ பவோனி. 1906ல் மிலானில் நடந்த உலகக் கண்காட்சியில் இருவரும் அந்தக் காபியை ஊருக்குக் காட்டினார்கள்.

அந்த இயந்திரங்கள் உயரமான கோபுரம் மாதிரி நிற்கும். உள்ளே தண்ணீர் கொதிக்கும். மேலே சேரும் ஆவியின் அழுத்தம் வெந்நீரைக் காபித்தூள் வழியாகத் தள்ளும். ஒரு நிமிடத்துக்குள் காபி தயார். 1900களின் தொடக்கத்தில் இது பெரிய அதிசயம்.

கவனித்தீர்களா? நம் கல்யாண மண்டபத்துக் கொதிகலனும் ஆவியை நம்பித்தான் வேலை செய்கிறது. அங்கே ஆவி பாலை நுரைக்க வைக்கிறது. காபி பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூள். அதனால் அதை எஸ்பிரசோ என்று சொல்வது பழக்கத்தில் வந்த பெயர், அவ்வளவுதான். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆவியில் என்ன பிரச்சினை?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆவியில் அழுத்தமும் சூடும் பிரிக்க முடியாத ஜோடி. அழுத்தம் கூட வேண்டுமென்றால் சூட்டையும் கூட்டியே ஆக வேண்டும். வீட்டுக் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். விசில் வரும்போது உள்ளே வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார் அழுத்தம் கூடுதலாக இருக்கும். தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகியிருக்கும். பருப்பு வேக அது நல்லது. காபிக்குக் கெடுதல்.

பழைய எஸ்பிரசோ இயந்திரங்களின் அழுத்தம் ஒன்றரை, இரண்டு பார். அந்த அளவுக்கே தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிவிடும். தூள் வெந்து கருகி, கசப்பு ஏறிவிடும். சரி, ஆவியை வைத்தே 9 பார் கொண்டுவரலாமே என்றால், கொதிகலனை 175 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். காபி குடிக்க ஆள் இருக்க மாட்டார்கள்.

காபிக்குப் பிடித்த சூடு 90 முதல் 96 டிகிரி வரை. அப்படியானால் சூட்டை ஒரு பக்கமும் அழுத்தத்தை இன்னொரு பக்கமும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த யோசனைதான் காஜ்ஜாவின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டது.

1938: ஆவி இல்லாத இயந்திரம்

இந்த இடத்தில் இன்னொரு குடும்பத்தின் கதையும் வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. மிலானில் க்ரெமொனேசே என்றொரு தொழில்நுட்ப வல்லுநர், திருகு மூலம் பிஸ்டனை இறக்கி வெந்நீரைத் தூள் வழியாகத் தள்ளும் ஒரு வழியை முன்பே யோசித்திருந்தார். அதைக் கடைகளுக்குக் கொண்டுபோவதற்குள் அவர் இறந்துவிட்டார். அவருடைய மனைவி ரொசெட்டா ஸ்கோர்ட்சாவிடமிருந்து அந்த உரிமையை காஜ்ஜா வாங்கினார் என்று காபி வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் எந்த இயந்திரத்தின் மீதும் பொறிக்கப்படவில்லை.

1938 செப்டம்பர் 5ம் தேதி, ஆவி இல்லாத காபி இயந்திரத்துக்கு காஜ்ஜா காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கைப்பிடியைத் திருகினால் பிஸ்டன் கீழே இறங்கும், வெந்நீர் தூளுக்குள் இறுக்கமாகப் பாயும். ஆவிக்கு அதில் வேலை இல்லை. தன் கடையிலேயே வைத்துப் பார்த்தார். காபி கருகவில்லை. ஆனால் நேரம் சரியாக அமையவில்லை. அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் போர் மூண்டது. 1940ல் இத்தாலியும் அதில் குதித்தது. காபிக்கொட்டை கிடைப்பதே குதிரைக்கொம்பு. 1943ல் மிலான் நகரம் குண்டுவீச்சில் சிதைந்தது. காபி மெஷின் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்?

போருக்குப் பிறகு: ஒரு ஸ்பிரிங் செய்த வேலை

1947ல் காஜ்ஜா மறுபடி வந்தார். இந்த முறை கையில் புதிய காப்புரிமை. திருகுக்குப் பதிலாக நீண்ட கைப்பிடி, அதனுடன் பலமான ஸ்பிரிங். அமெரிக்க ராணுவ ஜீப்பில் இருந்த ஹைட்ராலிக் அமைப்பைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, வேலை செய்த விதம் தெளிவானது.

கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும். அதே நேரம் உருளைக்குள் வெந்நீர் இறங்கும். கையை மெல்ல விட்டால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும். அந்தத் தள்ளலில் 8 முதல் 10 பார் வரை அழுத்தம் கிடைக்கும். லாரி டயருக்கு அடிக்கும் காற்றைவிட இது சற்று அதிகம் என்று சொன்னால் எவ்வளவு வேகம் என்று புரியும். தண்ணீரோ கொதிநிலைக்குக் கீழேயே இருக்கும்.

எஸ்பிரசோ ஏன் சின்னக் கோப்பையில் இத்தனூண்டு வருகிறது என்று நம்மில் பலர் கேட்டிருப்போம். அந்த உருளை ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். அந்த அளவே உலக வழக்கமாக நிலைத்துவிட்டது. காபிக் கடைக்காரர்கள் எஸ்பிரசோவை இழுப்பது என்று சொல்வதும் இந்தக் கைப்பிடியை இழுத்த நாட்களின் மிச்சம்.

நுரையைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள்

புதிய இயந்திரத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. காபியின் மேல் பொன்னிறத்தில் ஒரு நுரை படர்ந்தது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைந்திருக்கும். அதிக அழுத்தத்தில் அது தண்ணீரில் கரைந்து, வெளியே வந்ததும் காபியின் எண்ணெயோடு கலந்து குமிழாகப் பொங்கும். ஆவி இயந்திரங்களில் அந்த அளவு அழுத்தம் கிடையாது. அதனால் அதுவரை இப்படியொரு நுரையை யாரும் பார்த்ததில்லை.

வாடிக்கையாளர்கள் முதலில் இதை அழுக்கு என்றே நினைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. ரசம் கொதிக்கும்போது மேலே வரும் கசடை நாம் பார்ப்பது போலப் பார்த்திருப்பார்கள். காஜ்ஜா நுரையை ஒளிக்கப் பார்க்கவில்லை. அதற்கு 'க்ரேமா' காபி என்று பெயர் வைத்தார். பாலாடை என்று அர்த்தம். தன் ஏடைத் தானே கொண்டுவரும் அளவுக்குத் தரமான காபி என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். தன் இயந்திரம் ஆவி இல்லாமல் இயங்குகிறது என்பதையும் விளம்பரத்தில் பெரிதாகச் சொன்னார். பத்து வருடத்துக்குள் நுரை இல்லாத எஸ்பிரசோவை மட்டமானது என்று ஒதுக்கும் அளவுக்கு நிலைமை தலைகீழானது.

கூட்டாளியும் போட்டியாளரும்

1947ல் தொடங்கிய காஜ்ஜா நிறுவனம் 1948ல் முறைப்படி பதிவானது. அந்த ஆண்டு வந்த 'கிளாசிகா' இயந்திரம்தான் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆரம்பத்தில் அவரிடம் பெரிய தொழிற்சாலை இல்லை. மிலானிலேயே ஃபாயெமா என்ற நிறுவனத்தை நடத்திய எர்னெஸ்தோ வலேந்தேயின் பட்டறையில் இயந்திரங்கள் தயாராயின.

பிறகு இருவரும் பிரிந்தார்கள். காஜ்ஜா தன் இயந்திரத்தை வசதியான கடைகளுக்கான உயர்ந்த பொருளாகப் பார்த்தார். வலேந்தேவோ விலையைக் குறைத்து, சின்னக் கடைகளுக்கும் கொண்டுபோக விரும்பினார். நம்மூரில் இரண்டு பங்காளிகள் ஒரே தெருவில் எதிரெதிர் கடை போடுவது போல, ஒரே ஊரில் இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டன. லாபம் என்னவோ காபி குடிக்கிறவர்களுக்குத்தான்.

1950களில் இந்த இயந்திரங்கள் கடல் தாண்டின. 1953ல் லண்டனின் சோஹோ பகுதியில், ஃப்ரித் வீதியில் 'மோகா பார்' திறந்தபோது அங்கே இருந்தது காஜ்ஜாவின் இயந்திரம். திறந்து வைத்தவர் இத்தாலிய நடிகை ஜீனா லொல்லோப்ரிஜிதா. போருக்குப் பிந்தைய லண்டன் இளைஞர்கள் கூடிப் பேச ஓர் இடம் கிடைத்தது. தேநீர் ஊரில் காபி காலூன்றியது அப்படித்தான்.

கடையிலிருந்து வீட்டு அடுக்களைக்கு

இன்று வீட்டில் எஸ்பிரசோ மெஷின் வைத்திருப்பவர்கள் காஜ்ஜாவுக்கு நன்றி சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 1950களின் தொடக்கத்திலேயே அவருடைய நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கு 'கில்டா' என்ற சிறிய லீவர் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. 1946ல் வந்து சக்கைப்போடு போட்ட ஹாலிவுட் படத்தின் பெயர் அது. கடைக்காரர் இழுத்த அதே கைப்பிடி, இப்போது அடுக்களை மேடையில்.

1961ல் காஜ்ஜா காலமானார். அதே ஆண்டில்தான் பழைய கூட்டாளி வலேந்தேயின் ஃபாயெமா நிறுவனம் 'ஈ 61' இயந்திரத்தை வெளியிட்டது. மின்சாரப் பம்பு 9 பார் அழுத்தத்தைத் தானே தந்தது. கை வலிக்க இழுக்க வேண்டிய தேவை போனது. லீவரின் காலம் முடிகிற நேரத்தில் லீவரைக் கொண்டுவந்தவரும் போய்விட்டார். ஆனால் அவர் நிறுவிய கொள்கை போகவில்லை. இன்றைய பம்பு மெஷின்கள் எல்லாமே கொதிநிலைக்குக் கீழே சூடு, 9 பாருக்கு அருகே அழுத்தம் என்ற அந்த இரண்டு கணக்கைத்தான் பின்பற்றுகின்றன. நிறுவனம் பின்னாளில் 1999ல் சாயெகோவிடமும், 2009ல் அதன் வழியாக ஃபிலிப்ஸிடமும் போனது. பெயர் மட்டும் காஜ்ஜாதான்.

விழுப்புரத்து ஃபில்டர் தூளை எஸ்பிரசோ மெஷினில் போடலாமா?

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். நம் ஃபில்டருக்கு அழுத்தமே தேவையில்லை. மேல் அடுக்கில் தூள், அதன் மேல் வெந்நீர், மூடி வைத்தால் தானாக இறங்கும். கால் மணி நேரமோ கூடவோ ஆகும். பொறுமைதான் அங்கே இயந்திரம். எஸ்பிரசோவில் அந்த வேலை 25 முதல் 30 விநாடிக்குள் முடிய வேண்டும். வழக்கமாக 18 கிராம் தூளுக்குச் சுமார் 36 கிராம் காபி என்று கணக்கு வைக்கிறார்கள். தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது தூள் மட்டும்தான். தூள் பெருசாக இருந்தால் தண்ணீர் ஓடிவிடும், அழுத்தம் எழாது. ரொம்ப நைசாக இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மெஷினைவிடக் கிரைண்டருக்குக் கூடுதல் கவனம் கொடுக்கச் சொல்கிறார்கள். மிக்ஸியில் அரைக்கலாமே என்று தோன்றும். மிக்ஸியின் பிளேடு கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். ஒரே ஜாரில் மாவும் குருணையும் கலந்து கிடக்கும். தண்ணீர் குருணை இருக்கும் பக்கமாகச் சந்து பிடித்து ஓடிவிடும். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே நசுக்கும் கிரைண்டரில் தூள் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். அந்தக் காலத்தில் சில வீடுகளில் மேஜை ஓரத்தில் திருகி மாட்டிக் கையால் சுற்றும் காபி மெஷின் இருந்ததே, அதுவும் இதே தத்துவம்தான்.

அடுத்தது சிக்கரி. நம்மூர்க் கடைகளில் 80க்கு 20 என்று கேட்டு வாங்குவது வழக்கம். கலவையில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரி ஒரு வேர். வெந்நீரில் வேகமாகக் கரையும், டிகாஷனுக்குக் கெட்டியும் நிறமும் கொடுக்கும். ஃபில்டரில் அது வரம். 9 பார் அழுத்தத்தில் பிசுபிசுவென்று ஓட்டையை அடைக்கும். காபிக்கொட்டையின் எண்ணெயும் வாயுவும் அதில் இல்லாததால் நுரைக்கும் உதவாது. எஸ்பிரசோவுக்குச் சிக்கரி கலக்காத, சமீபத்தில் வறுத்த கொட்டையே சரி. வறுத்துப் பல வாரங்கள் ஆனால் வாயு போய்விடும், கூடவே நுரையும்.

வாங்குவதற்கு முன்பு யோசிக்க வேண்டியவை

பெட்டியில் 15 பார் என்று எழுதியிருந்தால் மயங்க வேண்டாம். அது பம்பு தரக்கூடிய உச்சம். காபிக்கு வேண்டியது 9 பார் அளவே. விலை குறைந்த பல மெஷின்களில் இரட்டை அடிப்பாகம் கொண்ட வடிகட்டி வரும். அது தூளின் குறையைத் தானே சரிக்கட்டி, சின்ன ஓட்டை வழியாக நுரையும் எழுப்பிக் காட்டும். கிரைண்டர் வாங்காதவர்களுக்கு அது போதும். கிரைண்டர் வாங்கியவர்கள் ஒற்றை அடிப்பாக வடிகட்டிக்கு மாறலாம்.

தண்ணீரைக் கவனியுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மெஷினுக்குள் சுண்ணாம்புப் படிவு சேர்ந்து, குழாய்கள் அடைத்துக்கொள்ளும். குக்கரின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கரண்ட் விஷயமும் உண்டு. சூடேற்றும்போது ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் மெஷின்கள் அதிகம். மின்விசிறிக்கும் விளக்குக்கும் போட்ட இன்வெர்ட்டர் அதைத் தாங்காது.

இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. மின்சாரம் இல்லாமல், கையால் அழுத்தி எஸ்பிரசோ எடுக்கும் சின்ன லீவர் கருவிகள் இப்போது காபிப் பிரியர்கள் மத்தியில் பிரபலம். வெந்நீரை அடுப்பில் வைத்து ஊற்றினால் போதும். முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு காஜ்ஜா செய்த காரியத்துக்கே திரும்பிப் போகிறார்கள்.

கடைசியாக ஒன்று

இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ரோபஸ்டா ரகம். நுரை நன்றாகக் கட்டும் என்பதால் இத்தாலியில் எஸ்பிரசோ கலவைக்கு அதை விரும்பிச் சேர்க்கிறார்கள். இந்தியக் காபியை அதிகம் வாங்கும் நாடும் இத்தாலிதான். ஆக, மிலான் கடைகளில் கோப்பையின் மேல் படரும் அந்தப் பொன்னிற நுரையில் நம் மலைகளின் பங்கும் இருக்கலாம்.

அதற்காக வீட்டில் இருக்கும் பித்தளை ஃபில்டரைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கால் மணி நேரம் காத்திருக்க முடிகிற காலையில் அதுவே போதும். மெஷின்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், கையிலிருக்கும் பணத்தில் முதலில் கிரைண்டருக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் மெஷினைத் தேடுங்கள்.